வாய், கண்டம், முகத்துவாரம்

கர்ப்பப்பையின் வாய் வெற்றிலை போடாது. பீடி பிடிக்காது. குட்காவை ஒதுக்கி வைத்துக்கொண்டு பேருந்து ஜன்னல் வழியே துப்பவும் செய்யாது. இந்த மூன்று உண்மைகளையும் முழுப் பொறுப்புடன் இங்கே பதிவு செய்கிறேன். காரணம், ஓசூருக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில், இரும்புத் தகட்டில் முடியிழை அளவு கோணல் இருந்தாலும் கண்டுபிடித்துவிடக்கூடிய ஆண்கள், ஏறத்தாழ ஒரு வாரம் இதற்கு நேர்மாறாக நம்பிக்கொண்டிருந்தார்கள்.

அந்தத் தொழிற்சாலையின் மருத்துவ அறையில் நான் செவிலியர். ஆண்தான். இருந்தாலும் பாதிப் பேர் பழக்க தோஷத்தில் “சிஸ்டர்” என்றுதான் கூப்பிடுவார்கள், திருத்தி அலுத்துவிட்டேன். இந்தத் தொழிலில் காயத்துக்கு மருந்து போடுவது கால் பங்கு, விளக்கம் சொல்வது முக்கால் பங்கு. ஒரே விஷயத்தை நாளைக்கு நாற்பது தரம் சொல்லிச் சம்பளம் வாங்கும் சக துன்பவாசிகளே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால் சிரிப்பார்கள், நீங்கள் தலையாட்டுவீர்கள்.

விஷயம் இதுதான். ஊழியர்களின் பெண் பிள்ளைகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசியை இலவசமாகப் போட நிர்வாகம் முடிவு செய்தது. ஒன்பது வயது நிறைந்திருக்க வேண்டும், பதினைந்து நிறைந்திருக்கக் கூடாது. ஒரு சனிக்கிழமை முதல் ஊசி, ஆறு மாதம் கழித்து இரண்டாவது. ஊசி போட வெளியிலிருந்து ஒரு பெண் செவிலியர் வருவார். தகப்பன்மார்களிடம் கையெழுத்து வாங்குவது என் வேலை.

அறிவிப்புப் பலகை

அறிவிப்பை நான்தான் தயாரித்தேன். எங்கள் ஆலையில் உத்தரவு ஆங்கிலத்தில் வரும், திட்டு தமிழில் விழும், சாப்பாட்டு மேசையில் தெலுங்கும் கன்னடமும் ஓடும். ஆகவே மூன்று மொழிகளையும் பக்கத்துப் பக்கத்துப் பத்திகளாகப் போட்டேன். தமிழில் “கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி முகாம்”. வாய்க்குப் பிறகு ஒரு ப், நோய்க்குப் பிறகு ஒரு த். இரண்டையும் ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்தேன். கன்னடத்தில் இந்த உறுப்புக்குக் கர்ப்பகண்டம் என்று பெயர்; கண்டம் என்றால் தொண்டை. தெலுங்கில் கர்ப்பாசய முகத்துவாரம். ஒரே உறுப்பு, ஓசூரில் வாய், அத்திப்பள்ளி தாண்டினால் தொண்டை, குப்பம் பக்கம் போனால் வாசல். மொழியியல் ஆர்வலனுக்கு இதைவிட இன்பம் ஏது?

எழுத்து பெரிதாக இருக்கட்டும் என்று அலுவலகத்தில் அச்சடித்ததில் வரி மடங்கிவிட்டது. மூன்று மொழியிலும் கர்ப்பம் மேல் வரியில் தனியாகவும், மீதி கீழ் வரியிலும் நின்றன. அது போகட்டும். கேன்டீன்காரர் வந்து, அந்த வாரத்துச் சாப்பாட்டுப் பட்டியலை மேல் வரியை மறைத்தபடி குத்திவிட்டுப் போய்விட்டார். தக்காளிச் சாதத்துக்கும் தயிர்ச் சாதத்துக்கும் கீழே மக்கள் படித்தது: வாய்ப் புற்றுநோய், தொண்டைப் புற்றுநோய், முகத்தில் ஏதோ புற்றுநோய். மூன்று மொழியும் தெரிந்தவர்கள் மூன்றையும் கூட்டிப் பார்த்து, சந்தேகமில்லை, இது புகையிலை விவகாரம் என்று முடிவுக்கு வந்தார்கள். ஆறு நாள் கழித்துத்தான் எனக்கே தெரிந்தது. மனிதவளப் பிரிவு மேடத்தைக் கூட்டிப்போய்க் காட்டினேன். அவர் நிதானமாகப் படித்துவிட்டுச் சொன்னார்: “ஒற்று எல்லாம் கரெக்டா இருக்கு சார். தலைதான் இல்லை.”

தேவலை

கையெழுத்துக்காக நான் நிரப்பி வைத்திருந்த படிவங்களில் மிக அவசரமானது முனிராஜுடையது. பிரஸ் மெஷின் ஆபரேட்டர், வேப்பனப்பள்ளிப் பக்கம், வீட்டில் தெலுங்கு. மகள் பவித்ரா ஒன்பதாம் வகுப்பு. முகாம் நடக்கும் சனிக்கிழமைக்கு அடுத்த வியாழன் அவளுக்குப் பதினைந்து நிறைகிறது. அந்தச் சனிக்கிழமையைத் தவறவிட்டால் திட்டத்தில் அவளுக்கு இடமில்லை. அதன்பின் வெளியே டாக்டரைப் பார்த்து, இரண்டு ஊசிக்குப் பதில் மூன்று ஊசி என்று அலைய வேண்டும். முனிராஜ் அலையமாட்டார் என்பது எனக்குத் தெரியும். பல்வலிக்கே நான்கு மாதம் லவங்கத்தைக் கடித்துக்கொண்டு சமாளித்தவர்.

சொல்லி அனுப்பியதும் வந்தார். உட்காரவில்லை.

“சார், எம் பொண்ணு குட்கா போடறான்னு உங்களுக்கு யார் சொன்னது?”

“யாரும் சொல்லலையே.”

“பின்ன என்னாத்துக்கு அவளை வாய்ப் புத்துநோய் ஊசிக்குக் கூப்புடறீங்க? போடறவன் நானு. போடறதா இருந்தா எனக்குப் போடுங்க.”

சொல்லும்போதே இடது கன்னம் உப்பியிருந்தது. அது அந்த வாய் இல்லை என்றேன். புரியவில்லை. காகிதத்தில் படம் போட்டேன். காம்பு கீழே இருக்கும்படி தலைகீழாகப் பிடித்த ஒரு மாம்பழம். பழம் கர்ப்பப்பை, காம்படி அதன் வாய். அந்த இடத்தில் பிற்பாடு புற்றுநோய் வராமல் இருக்க இப்போதே ஊசி என்றேன். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மாம்பழம் காட்டிப் புரியவைக்க முடியாதது எதுவும் இல்லை என்பது என் எண்ணம். முனிராஜ் படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

“கர்ப்பப்பையா? பதினாலு வயசுப் பொண்ணுக்கா? இதுக்கு அந்தக் குட்காவே தேவலை சார்.”

ஜாதகம்

சாப்பாட்டுப் பட்டியலை அகற்றிவிட்டோம். கர்ப்பம் வெளியே வந்தது. அதோடு புதுச் சிக்கலும் வந்தது.

கோவிந்தன் ஊத்தங்கரைக்காரர், வெல்டர். கன்னடப் பத்தியை யாரோ அவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். கர்ப்பகண்டம். கன்னடத்தில் அது தொண்டையாக இருக்கலாம். ஊத்தங்கரையில் கண்டம் என்றால் கண்டம்தான். தண்ணீரில் கண்டம், வாகனத்தில் கண்டம், இப்போது பிள்ளைப்பேற்றில் கண்டம். அதுவும் கம்பெனியே பலகையில் எழுதிப் போட்டு அறிவிக்கிறது என்றால் எவ்வளவு பெரிய கண்டமாக இருக்க வேண்டும்! மனுஷன் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, மகளின் ஜாதகத்தோடு ஜோசியரைப் பார்க்கப் போய்விட்டார்.

மறுநாள் காலை கையெழுத்திட்ட படிவத்தை என் மேசையில் வைத்தார். எனக்கு ஒரே ஆச்சரியம். “ஜோசியர் என்ன சொன்னார்?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, ஆனால் கேட்காமல் இருக்க நான் துறவி இல்லை.

“அப்பிடி ஒரு கண்டமே ஜாதகத்துல இல்லைன்னுட்டார் சார். ஆனா ஓசியில பரிகாரம் பண்றாங்கன்னா விட்டுடாதேன்னார்.”

ரெண்டும் பையன்

காவேரிப்பட்டினம் சேகருக்கு இரண்டு மகன்கள். எல்லாச் சலுகையும் பெண் பெற்றவனுக்கே போகிறது என்று டீ நேரத்தில் ஒரு சிறு பொதுக்கூட்டம் நடத்தினார். “எங்களுக்கு எந்த ஊசியும் கெடையாதா? நாங்க என்ன இளிச்சவாயனா?”

எனக்குள் இருக்கும் குறும்பன் விழித்துக்கொண்டான். சேகர் கேட்பது நியாயம்தான் என்று ஆரம்பித்தேன். இது ஆண் பெண் பார்க்காத வைரஸ், நெருக்கமாகப் பழகுவதில் தொற்றுவது. ஆண்கள் அதைச் சுமக்கலாம், மனைவிக்குக் கொடுக்கலாம், அவர்களுக்கே நோயாகவும் வரலாம். சில நாடுகளில் பையன்களுக்கும் இதே ஊசி போடுகிறார்கள். நம் ஊரிலும் டாக்டரைக் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம், நம் கம்பெனித் திட்டத்தில்தான் இல்லை. சேகர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். ஆண்களுக்கு எங்கெங்கே புற்றுநோய் வரக்கூடும் என்றும் கேட்டார். தொண்டையில் தொடங்கி, படிப்படியாகக் கீழே இறங்கி, ஒவ்வொரு உறுப்பின் பெயரையும் தூய தமிழில் சொன்னேன். மூன்றாவது பெயரில் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

“சார், கம்பெனி பொண்ணுங்களுக்குன்னு பிரியப்பட்டுக் குடுக்குது. நடுவுல நாம என்னாத்துக்குப் பூந்துக்கினு?”

ஏழு மகள்கள்

அசெம்பிளிப் பிரிவில் வேலை பார்க்கும் பெண்கள் ஏழு பேர் ஒரு புதன்கிழமை, டாக்டர் வரும் நாள் பார்த்து வந்தார்கள். எல்லோரும் விடுதியில் தங்கியிருப்பவர்கள், இருபதை ஒட்டிய வயது. முன்னால் நின்றவள் இசக்கியம்மாள், திருநெல்வேலிப் பக்கம். வாசலிலேயே நின்று கேட்டாள்: “எங்களுக்கு அந்த ஊசி உண்டா, கெடையாதா?”

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். இந்த வைரஸ் வருவதற்கு முன்னாலேயே போட்டால்தான் முழுப் பயன். அதனால்தான் சின்ன வயதில் போடச் சொல்கிறோம். இருபத்தாறு வயது வரை போட்டுக்கொள்ளலாம், பயன் உண்டு. கல்யாணம் ஆனவர்களும் டாக்டரைக் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம். கர்ப்பமாக இருந்தால் மட்டும் தள்ளிப்போட வேண்டும். ஊசி போட்டிருந்தாலும் போடாவிட்டாலும் முப்பது வயதுக்கு மேல் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். குழந்தை பிறப்பதற்கும் இந்த ஊசிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இதைக் கடைசியில் ஒருமுறை மட்டும் சொன்னவர், ஏழு முகங்களையும் பார்த்துவிட்டு இன்னொரு முறையும் சொன்னார்.

நான் என் கடமையைச் செய்தேன். திட்டத்தின்படி இது ஊழியர்களின் மகள்களுக்கு மட்டும்தான் என்று விதியைப் படித்துக் காட்டினேன். வயது வரம்பையும் படிப்பதற்குள் இசக்கியம்மாள் மறித்துவிட்டாள்.

“மகள்களுக்குத்தான்னா, நாங்க மட்டும் மரத்துலயா சார் காய்ச்சோம்?”

டாக்டர் சிரித்த சிரிப்பில் ஸ்டெதாஸ்கோப் கழுத்திலிருந்து நழுவியது. அவர்கள் எழுதிக் கொடுத்த மனுவில் சிபாரிசுக் கையெழுத்தும் போட்டார். மனு மேலிடத்துக்குப் போயிருக்கிறது. வாரத்துக்கு ஒருமுறை இசக்கியம்மாள் என் ஜன்னலை எட்டிப் பார்ப்பாள், நான் உதட்டைப் பிதுக்குவேன், அவள் சொல்வாள்: “எங்களுக்கு வயசு ஏறுது சார், உங்க மேலிடத்துக்கு ஏறாதோ?”

லத்தீன்

வியாழக்கிழமை வந்துவிட்டது. முகாமுக்கு இன்னும் இரண்டு நாள். கையெழுத்தோடு எல்லாப் படிவங்களும் வந்திருந்தன, முனிராஜுடையது மட்டும் இல்லை. என்னைக் கண்டால் வேறு வழியாகப் போகிற பழக்கத்தையும் ஏற்படுத்திக்கொண்டிருந்தார். டீ நேரத்தில் தண்ணீர்க் குழாய் அருகே மடக்கினேன்.

“போடறதுல எனக்கு ஒண்ணும் இல்லை சார்,” என்றார், கை கழுவிக்கொண்டே. “ஊர்ல கேப்பாங்க. பஸ்ல பக்கத்துல உக்காந்தவன் கேப்பான். என்னா ஊசின்னு சொல்வேன்? கர்ப்பப்பை ஊசின்னா? நாளைக்கு அவளைப் பொண்ணு பாக்க வர்றவன் காதுக்கு அது எப்பிடிப் போய்ச் சேரும்னு உங்களுக்குத் தெரியாதா?”

தெரியும். தெரிந்தும் நான் செய்ததை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. லத்தீனில் ஆரம்பித்தேன். அந்த மொழியில் இந்த உறுப்பின் பெயருக்குக் கழுத்து என்றுதான் பொருள், ஆகவே மூன்றில் கன்னடம்தான் மூலத்துக்கு நெருக்கமானது, தமிழ் ஒரு படி மேலே ஏறி வாய்க்குப் போய்விட்டது, தெலுங்கோ கவித்துவமாக வாசல் என்கிறது, ஆகவே இதில் கூச்சப்பட ஏதும் இல்லை, எல்லாம் மொழிபெயர்ப்பாளன் செய்த வேலை என்றேன். முழுதாக ஏழு நிமிடம். சங்கு ஊதியும் நிறுத்தவில்லை. முனிராஜ் மரியாதை தெரிந்தவர், கடைசி வரை நின்றார். நான் நீட்டிய படிவத்தை வாங்கி, நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

“இத்தனை பாஷையில இத்தனை பேரு இருக்குதில்ல சார்? கூச்சமில்லாத பேரா ஒண்ணு வெச்சுக்கினு வாங்க, போட்டுக்கலாம்.”

கேட்

சனிக்கிழமை மதியம் பன்னிரண்டரைக்கு முகாம் முடிந்தது. ஊசி போட வந்த செவிலியர் ஐஸ் பெட்டியை மூடிக்கொண்டிருந்தார். அப்போது கேட்டிலிருந்து செக்யூரிட்டி ராஜப்பா போன் செய்தார்.

“சார், ரெண்டு லேடீஸ் வந்திருக்காங்கோ. கேட் பாஸ் இல்லை. முனிராஜ் சம்சாரம்னு சொல்றாங்கோ. கையில ஒரு பேப்பர் வெச்சிருக்காங்கோ, அது துவைச்ச பேப்பர் மாதிரி இருக்குது.”

துவைத்த பேப்பர்தான். முனிராஜின் சட்டையோடு வாளியில் ஊறி, வெயிலில் காய்ந்து, அப்பளமாகியிருந்தது என் படிவம். அதைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர் மனைவி ரத்னம்மா. காலையில் கிளம்பி, இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். பக்கத்தில் பள்ளிச் சீருடையில் பவித்ரா. ஐஸ் பெட்டியை மூட வேண்டாம் என்று செவிலியரிடம் கெஞ்சிவிட்டு வந்திருந்தேன். மேலே கால்மணி நேரம் காத்திருப்பதாகச் சொல்லியிருந்தார்.

படிவத்தில் ஊழியர் கையெழுத்து வேண்டும். உள்ளிருந்து முனிராஜை வரச் சொன்னோம். கையுறையைக்கூடக் கழற்றாமல் வந்தார். மூன்று பேரும் தெலுங்கில் பேசிக்கொண்டார்கள். ராஜப்பாவும் நானும் தெலுங்கு தெரியாதவர்கள்போல் வருகைப் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“யாரைக் கேட்டு வந்தே?”

“உன்னைக் கேட்டா வந்திருக்கவே முடியாது.”

“இது என்னா ஊசின்னு தெரியுமா உனக்கு?”

ரத்னம்மா படிவத்தை அவர் நெஞ்சுக்கு நேராக நீட்டினார். “மா அக்ககி ஒச்சிந்தி இதே.” எங்க அக்காவுக்கு வந்தது இதுதான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் முனிராஜ் மனைவியின் அக்காவைத் தூக்கிக்கொண்டு பெங்களூருக்கும் ஊருக்குமாக அலைந்ததும், கடைசியில் காரியத்துக்கு விடுப்பு எடுத்ததும் எனக்குத் தெரியும். என்ன நோய் என்று அப்போது கேட்டேன். “வயித்துல கட்டி” என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. மூன்று மொழியில் பெயர் தெரிந்து வைத்திருந்தவன், அன்றைக்கு அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருக்கலாம்.

முனிராஜ் கையுறையைக் கழற்றி ராஜப்பாவின் மேசையில் வைத்தார். பேனாவை வாங்கினார். சுருங்கிய காகிதத்தில் கையெழுத்து ஏறவில்லை. பதிவேட்டை அடியில் வைத்து, அழுத்திப் போட்டார். ராஜப்பா கேட் பாஸைப் பற்றி எதுவும் கேட்காமல் சிறு கதவைத் திறந்துவிட்டார்.

ஊசி ஒரு நொடியில் முடிந்தது. போட்டபின் கால்மணி நேரம் உட்கார வேண்டும் என்று செவிலியர் பவித்ராவிடம் சொன்னார். அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். பக்கத்தில் முனிராஜும் உட்கார்ந்தார். சுவரைப் பார்த்தார், மின்விசிறியைப் பார்த்தார், அவள் தோளில் ஒட்டியிருந்த பஞ்சைப் பார்த்தார். ஐந்து நிமிடம் பொறுத்துப் பார்த்த பவித்ரா, என் காதிலும் விழும்படி தமிழிலேயே கேட்டாள்:

“நைனா, ஊசி போட்டது எனக்கு. நீ என்னாத்துக்கு உக்காந்துக்கினு இருக்கே?”

திங்கட்கிழமை முதலுதவிப் பெட்டிகளைச் சரிபார்க்க உற்பத்திப் பிரிவுக்குப் போனேன். முனிராஜின் மெஷின் சனிக்கிழமை முப்பத்தைந்து நிமிடம் நின்றிருந்ததாக அதில் தொங்கிய தாள் சொன்னது. மெஷின் நின்றால் காரணத்தைக் குறிக்க அந்தத் தாளில் நான்கு கட்டங்கள் உண்டு: மின்தடை, சரக்கு வரவில்லை, அச்சு (டை) மாற்றம், பழுது வருமுன் பராமரிப்பு. முனிராஜ் நான்காவதில் டிக் போட்டிருந்தார்.